வானம் யோசிக்குதா?

சிலிபின் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு குமுதாவுடையது. அவள் தம்பி ஐயாவு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். வயது அறுபதை நெருங்குகிறது. போகிறவர்கள் "சாப்டாச்சாண்ணே?" என்றால் "ஆச்சு" என்பான். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது. இப்படியும் ஒரு ஊமைச்சாமியா என்று புதிதாகக் குடிவந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் பேசிய பேச்சை நான் கேட்டிருக்கிறேன்.

லகாட் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில்தான் நாங்கள் மூன்று பேரும் வளர்ந்தோம். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவோம். ஐயாவு மேட்டில் நின்று கீழே பார்ப்பான். இருட்டில் விளக்குகள் மரத்துக்கு மரம் நகரும், நிற்கும், ஒன்று இன்னொன்றை நெருங்கும். "அக்கா, நம்ம மண்டைக்குள்ள யோசனை இப்படித்தான் ஓடும். மேல பாரு, அங்கயும் அதே மாதிரி வெளக்கு. வானமும் யோசிக்குதுலா," என்பான். குமுதா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். அவளுக்கு அதைவிட்டால் வேறு சினிமா கிடையாது. எனக்கும்தான்.

பிறகு அது வெறும் பேச்சாக நிற்கவில்லை. சாப்பாட்டை விட்டான், தூக்கத்தை விட்டான். வானத்தின் யோசனை கலைகிறது, டிராக்டரை நிறுத்துங்கள் என்று நடுப்பாதையில் போய்ப் படுத்துக்கொண்டான். தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்து அவனுக்கு நல்லதுதான் செய்தது, அதில் நான் குறை சொல்ல மாட்டேன். குறை வேறு இடத்தில் இருந்தது.

தீபாவளிக்கு வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்சியை நிறுத்திவைத்துக்கொண்டு அவன் அப்பா கேட்டார்: "வானம் யோசிக்குதாடா?" 

"ஆமாப்பா," என்றான் ஐயாவு.

இவனைக் கூட்டிப்போனால் தோட்டத்தில் தலைகாட்ட முடியாது என்று, முறுக்கு டின்னை மட்டும் அவன் கையில் கொடுத்துவிட்டு அந்த மனிதர் திரும்பிவிட்டார். அவரே கள்ளைக் குடித்துவிட்டு, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடும் இடத்தில் விழுந்து கிடந்தபோது போகாத மானம்! டாக்சியின் பின்கண்ணாடி வழியாக, பையோடு நின்ற தம்பியைப் பார்த்துக்கொண்டே குமுதா வந்தாள்.

அடுத்த தீபாவளிக்கு அவள் முந்திக்கொண்டாள். "இல்லன்னு சொல்லுடா. வீட்டுக்குப் போலாம்," என்று அவன் காதில் சொன்னாள். அப்படியே சொன்னான். டாக்சியில் ஏற்றிக்கொண்டார்கள். அதன்பின் ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே "இல்ல". கடைசியில் ஒருநாள் ஒரேயடியாக வீட்டுக்கு வந்தான். வானத்தோடு சேர்த்து மற்ற பேச்சையும் விட்டுவிட்டு வந்தான். அப்பா போய்ச் சேர்ந்தார், தோட்டம் தாமான் என்கிற குடியிருப்பாகி வீடுகள் வந்துவிட்டன. இவன் வாய் மட்டும் திறக்கவில்லை. தான் கண்ணை மூடுவதற்குள் அவன் பழையபடி பேசி ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று குமுதா என்னிடம் சொல்லாத நாள் இல்லை.

போன மாதம் அவள் மகள் ஷர்மினி கைப்பேசியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படங்களைக் காட்டினாள். ஒன்று மூளைக்குள் நரம்புகள் பின்னிக்கிடப்பது. மற்றது அண்டத்தில் விண்மீன் கூட்டங்கள் கோத்துக்கிடப்பது. எது எதுவென்று எனக்கு விளங்கவில்லை. "பார்க்கத்தான்மா ஒரே மாதிரி. அதுக்காக வானம் யோசிக்குதுன்னு..." என்று அவள் சொல்லி முடிக்குமுன் குமுதா கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

"ஐயாவு, இங்க பாருடா. நீ அன்னிக்குச் சொன்னது. படிச்சவங்களே படம் போட்டிருக்காங்கடா."

அவன் வாங்கி வெகுநேரம் பார்த்தான். விரல் ஓர் இழையைத் தொடர்ந்து மெல்ல நகர்ந்து, ஒரு வெளிச்சப் புள்ளியில் நின்று, அடுத்ததற்குப் போனது. முகம் இளகியது. மேட்டில் நின்ற பழைய ஐயாவுவை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். குமுதா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"சொல்லுடா," என்றாள். ஆசையில் அவளுக்கு வாய் தவறிவிட்டது. "வானம் யோசிக்குதாடா?"

ஐயாவு கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தான்.

"இல்லக்கா. யோசிக்கல. சும்மாதான் இருக்கு. மருந்து போட்டுட்டேன்."

"ஐயோ, அதுக்குக் கேக்கலடா!" என்று குமுதா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சூடுபட்ட பூனைக்கு இந்த அடுப்பில் தீ இல்லை என்று எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அவள் அழுவதைப் பார்த்துப் பதில் தப்பாகிவிட்டது என்று நினைத்தான் போலிருக்கிறது. எழுந்து உள்ளே போனான். திரும்பி வரும்போது கையில் பை இருந்தது. இரண்டு சட்டை, ஒரு துண்டு, மாத்திரை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் கேட் பக்கத்தில் போய் நின்றான்.

"தீபாவளிக்கு வந்து கூட்டிட்டுப் போவியாக்கா?" என்று கேட்டான்.