வால் கூண்டில் அடங்காத பட்டாளத்தார்

விரட்டினாள் என்று எந்த வாய் சொன்னது? கீழ்வீட்டுக்காரி சொன்னாளாம். வயசான காலத்தில் புருஷனை மூட்டையோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாளாம். சாத்தவே இல்லை, திறந்துதான் கிடந்தது. நரம்பில்லாத நாக்கு நாலும் பேசும், பேசட்டும். ஆனால் முதல் பாதியைக் கேட்ட காதுக்கு இரண்டாம் பாதி மட்டும் ஏன் எட்டவில்லை? முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

மனுஷர் கார் சீட்டுக்கு உறை தைப்பவர். ரெக்சின் வெட்டி, பஞ்சு அடைத்து, வளைந்த ஊசியால் ஓரம் பிடிப்பார். அது வயிற்றுக்கு. தெருவில் அவருக்குப் பேர் பட்டாளத்தார். சண்டை நடந்த காலத்தில், குண்டு போடும் விமானத்தின் வாலில், கண்ணாடிக் கூண்டுக்குள் துப்பாக்கியோடு உட்கார்ந்து பறந்தவர் என்பதால் வந்த பேர். ஆள் ஒட்டடைக்கம்பு உயரம். சொந்த வீட்டு வாசலிலேயே குனிந்துதான் நுழைவார்.

லீவு கிடைத்தால் மற்றவர்கள் கடற்கரைக்குப் போவார்கள். இவர் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு, பழைய போர் விமானங்களை நிறுத்தி வைத்திருக்கும் மியூசியத்துக்குப் போவார். பஸ் மாறி, ரயில் மாறி, எத்தனையோ ஊர். தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று வாலைக் காட்டிக் கதை சொல்வார். மேலே குளிரில் விரல் மரத்துப்போனது, கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றியது, இடது இறக்கை தீப்பிடித்தபோது ஓட்டுகிறவன் பதறாமல் இருக்கத் தப்புத்தப்பாய்ப் பாட்டுப் பாடியது. கூட்டம் சேர்ந்துவிடும். அவளுக்கோ எல்லாம் மனப்பாடம். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் இவளும் வாங்குவாள். "ஏம்மா, நீங்களும் கூடப் பறந்தீங்களா?" என்று ஒருத்தர் கேலிகூடச் செய்தார். சிரித்துக்கொண்டாள். பெருமை இருக்காதா?

வருஷத்தில் ஒரு நாள் அந்தக் கயிற்றை அவிழ்த்து, விமானத்துக்குள் ஏறிப் பார்க்க விடுவார்கள். அன்றைக்குப் பார்த்து அவருக்குப் பல்வலி வரும், இல்லாவிட்டால் கடையில் அவசர வேலை வரும். இந்தத் தடவை அவரிடம் சொல்லாமலே அவள் டிக்கெட் வாங்கிவிட்டாள். பழைய இடத்தில் மனுஷர் ஒரு தரம் ஆசை தீர உட்காரட்டுமே என்று.

"வாங்க ஐயா, உங்க இடம், ஏறுங்க!" காவலாளி கூண்டைத் திறந்துவிட்டார். உள்ளே மெத்தை இல்லை, வெறும் தகரம்.

ஏறினார். தலை போனது, தோள் போகவில்லை. சாய்ந்து நுழைந்தார், முழங்கால் முட்டியது. காலை மடக்கினால் மண்டை கண்ணாடியில் இடித்தது.

"விடுங்க தாத்தா, அப்போ ஒல்லியா இருந்திருப்பீங்க!" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. சதை ஏறும், இறங்கும். எலும்பு வளருமா? கல்யாணப் போட்டோவிலேயே அவள் தலை அவர் மார்புக்குத்தான் வருகிறது. இந்த மனுஷன் என்றைக்குமே அதற்குள் உட்கார்ந்ததில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அங்க உக்காந்தது யாரு?"

அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு குள்ளன். நான் விமானத் தளத்துல சீட்டு தைக்கிற கொட்டகையில இருந்தேன். 'எட்டலடா, ஒரு அங்குலம் தூக்கித் தை'ன்னு வருவான். நான் தைக்கத் தைக்கப் பக்கத்துல பெட்டி மேல உக்காந்து கதை சொல்வான். பாட்டு, கையுறை, எல்லாம் அவனுதுதான்."

"அவரு எங்க?"

"ஒருநாள் சீட்டு மட்டும் வந்துச்சு. கழுவிட்டு வேற துணி போடுன்னாங்க. போட்டேன். மறுநாள் வேற ஒருத்தன் அதுல உக்காந்து போனான்."

"அப்போ இத்தனை வருஷமா இந்த வீட்ல செத்தவரா பேசிக்கிட்டிருந்தாரு?"

"'அவன்'னு சொன்னப்போ ஒருத்தரும் காது கொடுக்கல. 'நான்'னு சொன்னதும் உக்காந்து கேட்டாங்க. அப்படியே ஒட்டிக்கிச்சு. உன்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போகூட..."

"போதும். நான் யாரைக் கட்டிக்கிட்டேன்னே தெரியாம குடும்பம் நடத்தியிருக்கேன்." சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அவரு பேரு என்ன?" என்றாள்.

சொன்னார். அந்த வீட்டில் அதுவரை யாரும் உச்சரிக்காத பேர். அவள் மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். உள்ளே பொறுக்கமுடியாத ஆத்திரம்தான். ஆனாலும் செத்த பிறகும் பேர் இல்லாமல் அலைந்த அந்தக் குள்ளனை நினைத்தபோது அந்த ஆத்திரம் பாதியில் நின்றுபோனது.

"வர்ற ஞாயித்துக்கிழமை அந்தப் பேரை மியூசியத்துல போய்ச் சொல்லுங்க."

"தெருவே கைகொட்டிச் சிரிக்கும். பட்டாளத்தாருங்கிற மரியாதை ஒண்ணுதான் எனக்கு மிச்சம்."

"அது உங்க மரியாதை இல்ல. இரவல்."

அந்த வாரம் முழுக்க அவர் கடையே கதியென்று கிடந்தார். நழுவப் பார்க்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கக்கத்தில் ஒரு மூட்டையோடு கிளம்பி வாசல்வரை வந்தவர், அங்கேயே நின்றுவிட்டார்.

"இதைக் கொடுத்துட்டு மட்டும் வந்துடட்டுமா? சொல்லாட்டி என்ன இப்போ?"

அப்போதுதான் அவள் கத்தினாள். "சொல்லாம இந்தப் படி ஏறாதீங்க!" கீழ்வீட்டுக்காரி கேட்டது இதைத்தான்.

மூட்டையை அவள் பிரித்துப் பார்த்தாள். சின்ன மெத்தை. ஓரம் பிடித்து, இரட்டைத் தையல் போட்டு, வழக்கத்தைவிட ஓர் அங்குலம் தூக்கித் தைத்திருந்தது. திரும்பக் கட்டி அவர் கையில் கொடுத்தாள்.

அவர் குனிந்து வாசலைத் தாண்டினார். மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரி வழிமறித்தாள். "என்ன பட்டாளத்தாரே, மூட்டை முடிச்சோட? வீட்டம்மா துரத்திட்டாங்களா?"

மேலே திறந்த கதவுக்குப் பின்னால் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பட்டாளத்தாரு நான் இல்லம்மா," என்றார் அவர். "நான் அவருக்குச் சீட்டு தைச்சவன்." அப்புறம் அந்தப் பேரைச் சொன்னார், நிறுத்தி, முழுசாக.

கீழ்வீட்டுக்காரி வாய் பிளந்து நின்றாள். அவர் மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கித் தெருவில் நடந்தார்.