மழை ரோட்டுல கடைசியாப் போன பொம்பள

பேய் பிசாசுன்னு யாராவது பேச்சை எடுத்தா எழுந்து போயிடுற ஆளு நான். தாராவியில ஃப்ரேம் கடை வச்சிருக்கேன், செத்தவங்க போட்டோ எத்தனையோ மாட்டியிருக்கேன், ஒண்ணும் நடந்ததில்ல. இதை நீங்க நம்ப மாட்டிய, தெரியும். நடந்ததைச் சொல்லுதேன், அவ்வளவுதான்.

போன மழைக்கு என் வீட்டுக்காரி ஜைனம்பு வயித்துல கட்டி வந்து படுத்த படுக்கையாக் கெடந்தா. ஆஸ்பத்திரியில இனி வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்கன்னுட்டாங்க. மாடியில தனியா விட மனசில்லாம கடைக்குப் பின்னாடியே கட்டிலைப் போட்டேன், வேலை பாத்துக்கிட்டே அவளையும் பாத்துக்கலாம்லா.

அப்பதான் மாட்டுங்காவுல இருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா கண்ணாடி ஒடைஞ்ச படம் ஒண்ணைக் கொண்டாந்தாங்க. ஜப்பான் படம், மரப்பலகையில செதுக்கி மை தடவி காகிதத்துல ஒத்தி எடுக்கிறதாம். மலையோரம் பழைய ரோடு, சாஞ்சு அடிக்கிற மழை, பெரிய ஓலைத்தொப்பி போட்டு மூட்டையோட குனிஞ்சு போற ஆளுக. எல்லாருக்கும் பின்னால, ஒரு மரத்தடியில தனியா ஒரு பொம்பள. என் கண்ணால பாத்தேன்.

குர்லாவுல இருந்து ஃப்ரேம் கட்டை வர லேட்டாச்சு, அதனால படத்தை ஜைனம்புக்கு எதிர்ல சாத்தி வச்சிருந்தேன். பகலெல்லாம் அதையே பாத்துக்கிட்டு கெடப்பா. ஒருநாள், “ஏங்க, அவ மரத்தைத் தாண்டிட்டா”ன்னா. மாத்திரை மயக்கம்னு நெனச்சு கிட்டப் போய்ப் பாத்தா, மரத்தடியில ஆளில்ல, தள்ளி ரோட்டுல போறா. நாமதான் முந்தி சரியாப் பாக்கலையோன்னு விட்டுட்டேன். வேற என்னத்த நெனைக்க?

பெறகு தெனமும் அவ பேச்சுதான்.

“பாவம், மழையில தனியாப் போறா. நான் கூடப் போகட்டுமா?”

“சும்மா கெட புள்ள. நான் இருக்கேன்ல.”

“எனக்கு நீங்க இருக்கிய. அவளுக்கு யாரு இருக்கா?”

நான் அவ தலையைத் தடவிக் குடுத்தேன்.

ஒரு மத்தியானம் நான் கண்ணாடி அறுத்துக்கிட்டிருக்கேன், வெளிய மழை கொட்டுது, பின்னால இருந்து மெதுவா, “வளைவு வந்துட்டுங்க”ன்னா. திரும்பிப் பாத்தா மூச்சில்ல. படத்துல, ரோடு மலைக்குப் பின்னால திரும்புற எடத்துல, அந்தப் பொம்பளையும் இல்ல.

எல்லாக் காரியமும் முடிஞ்ச பெறகு படத்தைக் கொண்டு போய்க் குடுத்தேன். டீச்சரம்மா ஆறுதல் சொன்னாங்க. மனசு கேக்காம, “இதுல கடைசியா ஒரு பொம்பள இருந்தாளேம்மா?”ன்னேன்.

“இல்லையேப்பா, எல்லாம் ஆம்பளைங்கதான். எத்தனை வருஷமா என் ரூம்ல இருக்கு, எனக்குத் தெரியாதா?”

அதைக்கூட என் கண்ணுதான் கெட்டுப் போச்சுன்னு விட்டிருப்பேன். ஆனா ஜைனம்பு மையித்தைக் குளிப்பாட்டினது சீத்தா கேம்ப்ல இருக்கிற அவ பெரியம்மா மக, எங்க ராத்தா. ரொம்ப நாள் கழிச்சு, தயங்கித் தயங்கிக் கேட்டாங்க: “தம்பி, மவுத்தான அன்னிக்கு அவளை வெளிய எங்கயும் கூட்டிட்டுப் போனியளா? ரெண்டு காலும் முட்டுவரைக்கும் சேறு, கழுவக் கழுவ வந்துக்கிட்டே இருந்துச்சு.”

அன்னிக்குக் காலையில அந்த ரெண்டு காலையும் நான்தான் வெந்நீர்ல தொடைச்சு விட்டேன்.