பாதிப் பாஸ்வேர்டு

ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைக் குளிர்கிடங்கு. முதலாளிகள் அண்ணன், தம்பி. அப்பா காலத்து இரும்புப் பெட்டிக்கு ஆளுக்கொரு சாவி வைத்துக்கொண்ட குடும்பம். கம்ப்யூட்டர் பாஸ்வேர்டையும் அப்படியே பிரித்துக்கொண்டார்கள்: முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி தம்பிக்கு. ஒருவர் அடிக்கும்போது மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுப்பவள் நான்; வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். “ஒங்க வேலையப் பாருங்கம்மா” என்றார் அண்ணன்.

குளிர் அறையை இயக்கும் சாப்ட்வேர் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும். அதற்காகக் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டு, அந்தப் பாஸ்வேர்டு கேட்கும் என்க்ரிப்ஷனால் பூட்டியிருந்தேன்.

ஒரு நாள் இடி இறங்கிக் கம்ப்யூட்டர் புகைந்துவிட்டது. குளிரும் நின்றது. சாப்ட்வேரிலிருந்து ரீசெட் கொடுத்தால்தான் மறுபடி ஓடும். தேனியிலிருந்து நான் போய் இறங்கியபோது வாசலில் செல்லத்தாயி அக்கா நின்றிருந்தார். அந்த அறுப்பில் அவர் தன் தோட்டத்தில் பறித்த பழம் முழுக்க உள்ளே இருந்தது.

“காலையில கேரளா வண்டி வருதும்மா. பழம் வேர்த்துருச்சுன்னா யாவாரிக தொடக்கூட மாட்டாக” என்றார்.

பேக்கப் இருந்தது. ஸ்பேர் கம்ப்யூட்டரும் இருந்தது. ஆனால் அதிலிருந்த விர்ச்சுவல் மெஷின் சாப்ட்வேர் பழைய வெர்ஷன், இந்த மெஷினைத் திறக்காது. குளிர் இயந்திரத்தின் பழைய கேபிளோ என் லேப்டாப்பில் மாட்டாது. லேப்டாப்பில் திறந்து, காம்பாட்டிபிலிட்டியைப் பழைய வெர்ஷனுக்குக் குறைத்து, பிறகுதான் ஸ்பேரில் ஏற்ற முடியும். என்க்ரிப்ஷனை எடுக்காமல் குறைக்கவும் விடாது. ஆகவே திறக்க ஒரு தடவை, பூட்டை எடுக்க ஒரு தடவை என்று பாஸ்வேர்டு இரண்டு தடவை வேண்டும்.

அண்ணன் தம்பிக்குள் அப்போது பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் அடித்தார், தம்பி அடித்தார், திறந்தது. “இன்னொரு தடவை வேணும், இருங்க சார்” என்று நான் சொல்லச் சொல்லத் தம்பி காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போனையும் எடுக்கவில்லை.

“கம்ப்யூட்டர் படிச்சவுகதான, ஒடைச்சு விடுங்க” என்றார் அண்ணன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “யாரும் ஒடைக்கக் கூடாதுன்னுதான சார் போட்டது? நீங்க ஒரு வார்த்தை தம்பியக் கூப்பிடுங்க. வருவாரு.”

“நான் கூப்பிடுறதா? அவனா வரட்டும்.”

கடைசியில் செல்லத்தாயி அக்காதான் ஆட்டோ பிடித்துச் சின்னமனூர் போய், தம்பியை வீட்டிலிருந்து கூட்டி வந்தார். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பூட்டை எடுத்தேன், ஏற்றினேன், ரீசெட் கொடுத்தேன், குளிர் ஓடியது. அக்கா ஒரு பெட்டியைத் திறந்தார். காம்பு கறுத்து, பழம் பிசுபிசுவென்று கையில் உதிர்ந்தது. பெட்டியைத் தூக்கி வந்து இருவருக்கும் நடுவில் வைத்தார்.

“இதுல அண்ணன் பாதி எது, தம்பி பாதி எதுன்னு நீங்களே பிரிச்சு எடுத்துக்கங்க.”

அக்கா போன பிறகு அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “புதுப் பாஸ்வேர்டு போட்டுருங்கம்மா. பழையபடியே பாதி பாதியா.”

முடியாது என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பூட்டச் சொல்கிறவரிடம் இப்போது முதலில் ஒன்று கேட்கிறேன்: நீங்கள் வராவிட்டால் யார் திறப்பார்? பதில் இல்லையென்றால் பூட்டித் தருவதில்லை. முதலாளிக்குக் கோபம் வந்தால் வரட்டும். நட்டப்படப்போவது அவர் இல்லை.