முருகா, இந்தச் சுவரைக் காய வை

முருகனை நம்புகிற எல்லோருக்கும் வணக்கம். எனக்கு அலங்காரமாக எழுத வராது. கோபம்தான் வரும். கோபத்தோடு சாமியிடம் கேட்டு எனக்குக் கிடைத்ததை எழுதுகிறேன்.

கெலிஓயாவுக்கு மேலே, மலையை வெட்டிக் கட்டிய ஒரு வீட்டை வாங்கினோம். சொந்தம் என்று வந்த முதல் வீடு. அதுவரை கண்டியில் வாடகை வீடு மாறி மாறி அலைந்தவர்கள் நாங்கள். கணவருக்கு மாநகர சபையில் வேலை. நான் புடவைக் கடையில் நிற்கிறவள். ஒரே மகள் யாழினி. அவளுக்குச் சின்னதிலிருந்தே மூச்சிழுப்பு. வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவாள்.

வாங்கும்போது வெயில் காலம். சுவரெல்லாம் புதுசாக வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் மலைப்பக்கத்துப் பின்சுவர் வேர்த்தது. பூச்சு பொருமி உதிர்ந்தது. கறுப்புப் பூஞ்சணம் பிடித்தது. தரையிலும் ஓரமெல்லாம் கசிவு. பிள்ளைக்கு இழுப்பு கூடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"இந்த ஈரத்துக்குள்ள பிள்ளைய வைக்காதீங்க. சுவர் காயிற வரைக்கும் வேற எங்கயாவது விடுங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

தெல்தெனியவில் என் தங்கை வீட்டில் விட்டோம். சொந்த வீடு வாங்கிவிட்டுப் பிள்ளையை அடுத்தவர் வீட்டில் விட்ட தாய் நான். எரியாதா? பின்னேரமானால் போன் பண்ணுவாள். முதல் கேள்வியே, "அம்மா, சுவர் காஞ்சிருச்சா?"

உள்ளே எல்லாம் பூசி, தரைக்கு டைல்ஸ் போடுவது என்று முதலிலிருந்தே யோசித்து வைத்திருந்தோம். தெல்தோட்டையிலிருந்து சுவர் பூசுகிற மேசன் பாஸ் வந்து பார்த்தார்.

"அக்கா, மருந்து கலந்து பூசி, பாதிச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டிருவோம். ஈரம் இருக்கிறதே தெரியாது."

"தெரியாதா, வராதா?"

"தெரியாது அக்கா."

"தெரியாம இருக்கிறதுக்கா பூசுறோம்? என் பிள்ளையோட நெஞ்சுக்குத் தெரியுமே!"

அவர் தலையைச் சொறிந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று சாமான்களை மூலையில் வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் கூரை மட்டத்தில், மலையில் எங்களுக்கு மேலே இருக்கிற வீட்டின் குளியலறை. அங்கே இருப்பவர் பரீதா ராத்தா. ஊரே அவரை ராத்தா, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடும். அந்தத் தண்ணீர்தான் இறங்குகிறது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. முற்றத்தில் நின்று கத்தினேன்.

"ராத்தா, நீங்க குளிக்கிற தண்ணி எங்க சுவருக்குள்ள வருது!"

"எங்கட தண்ணி எங்கட குழாயால போகுது புள்ள. ஒங்கட வாய மூடினா பாதி ஈரம் கொறையும்!"

கணவர் சிரித்தார். அவருக்கும் என்னிடம் திட்டு கிடைத்தது.

வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனேன். "முருகா, இந்தச் சுவரைக் காய வை. இந்தத் தண்ணீரை நிறுத்து" என்று அழுதேன். மழை கூடியது. வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றுமுன் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். சோறு வடித்த கையோடு தொடுவேன். படுத்தவள் எழுந்து போய்த் தொடுவேன். ஈரம். கடையில் சேலை மடிக்கும்போதும் உள்ளங்கையில் அந்தக் குளிர் இருந்தது.

கார்த்திகை பிறந்தது. கணவர் சலித்துப்போனார். "பூசித்தான் பார்ப்போமே" என்று மறுநாள் பாஸை வரச் சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் யாழினி சுவரைப் பற்றிக் கேட்கவில்லை. "அம்மா, நான் சித்தி வீட்லயே இருந்துக்கிறேன். நீங்க அழாதீங்க" என்றாள்.

போனை வைத்தேன். முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். விளக்குக்கூட ஏற்றவில்லை.

"பிள்ளையத் தந்தது நீ. மூச்சைத் தர மாட்டியா? நீ சாமியா, வெறும் படமா? இன்னைக்கு எனக்கு ஒரு வழி சொல்லு. இல்லாட்டி இந்த வீடும் வேணாம், நீயும் வேணாம்!"

பாஸ் வைத்துவிட்டுப் போன சுத்தியலை எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சுவரில் அடித்தேன். பூச்சு பாளமாக விழுந்தது. இன்னும் அடித்தேன். ஒரு செங்கல் உள்ளே போனது. அந்த ஓட்டையால் தண்ணீர் நூல் மாதிரி வந்தது, பிறகு கொட்டியது. கையில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரித் தெளிவு. பல் கூசும் குளிர். சவர்க்கார வாசம் துளியும் இல்லை. அது ராத்தா வீட்டுத் தண்ணீரே இல்லை.

சத்தம் கேட்டு ராத்தாவே குடையோடு இறங்கி வந்துவிட்டார்.

"என்ன புள்ள, கத்தி முடிஞ்சு இப்ப வீட்டையும் இடிக்கிறீங்களா?"

ஓட்டையைக் காட்டினேன். அவர் கையை நனைத்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"அல்லாவே, இது பீலித் தண்ணி."

இந்த வீடு வருமுன் அங்கே மலை ஊற்றுத் தண்ணீர் வந்து விழ ஒரு பீலி வைத்திருந்தார்களாம். புதுசாகக் கல்யாணமாகி வந்தபோது ராத்தா குளித்ததும் குடம் நிரப்பியதும் அந்தப் பீலியில்தான். வீடு கட்டியவர் அதைக் கல் போட்டு அடைத்துச் சுவரை எழுப்பிவிட்டார். தண்ணீர் எங்கே போகும்? மழை பெய்தால் எங்கள் சுவருக்குள் நின்றது.

"அது வத்திட்டுது எண்டுதான் நான் நெனச்சேன்" என்றார் ராத்தா. பிறகு அவரே சொன்னார். "தண்ணி ஓட என்ட வேலியோரமா கான் வெட்டி எடுங்க. நான் ஒண்டும் சொல்ல மாட்டேன்."

அவர் காணிக்குள் போகாமல் அந்தத் தண்ணீரை வெளியே எடுக்கவே முடியாது. அவ்வளவு பேச்சுக் கேட்ட மனுஷி, நான் கேட்காமலே இடம் கொடுத்தார்.

காலையில் பூச வந்த பாஸிடம் மண்வெட்டியைக் கொடுத்தோம். சுவருக்குப் பின்னால் தோண்டிக் கல்லை எடுத்தார். ராத்தாவின் வேலியோரம் கான் வெட்டி, குழாய் வைத்து அதில் விட்டார். தண்ணீர் வீட்டின் பக்கவாட்டில் சலசலவென்று ஓடியது. ராத்தாவிடம் மன்னிப்பு என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. எனக்கு வராது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "சீனி கொறவு" என்றார்.

தைப்பூசத்துக்குச் சுவர் காய்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பூசினோம், தரையும் போட்டோம்.

நான் நிறுத்து நிறுத்து என்றே வேண்டினேன். மலையில் குடியிருக்கிற சாமியிடம் போய் மலைத் தண்ணீரை நிறுத்தச் சொன்ன மடச்சி நான். அவன் எதற்கு நிறுத்துவான்? வழி கேட்ட அன்றைக்கு வழியைக் காட்டினான். தற்செயல் என்று என் கொழுந்தன் சொல்கிறான். அவ்வளவு பெரிய சுவரில், கண்ணை மூடிக்கொண்டு அடித்தவளின் கை அந்த இடத்தில் விழுந்ததே, அதற்கு அவன் பதில் சொல்லட்டும்.

கோபம் எனக்கு இன்னும் வருகிறது. ஆனால் இப்போது முதலில் முருகனிடம் கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறேன். அதனால் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் தப்பித்துக்கொள்கிறார்கள். உங்களுக்கும் இனிப்பாக வேண்டத் தெரியாவிட்டால் பரவாயில்லை. உள்ள கோபத்தோடேயே அவனிடம் போங்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

யாழினி வீட்டுக்கு வந்து முதலில் பின்னறைக்குத்தான் ஓடினாள். சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். "அம்மா, குளிரவே இல்ல" என்றாள். இப்போது பகல் சாப்பாடு முடிந்து அந்தச் சுவரோரம்தான் படுத்திருக்கிறாள். நெஞ்சில் ஒரு சத்தமும் இல்லை. வாயை மூடித் தூங்குகிறாள்.