இடிக்கு முந்திய சங்கு

மின்னலுக்கெல்லாம் நான் பயப்படுகிற ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. கோவில்பட்டியில் மாடி வீடு. கதவைச் சாத்திவிட்டால் இடிகூட அடுத்த தெருக் கல்யாண வெடி மாதிரிதான் கேட்கும். அந்த வாய்ச்சவடால் ஓர் ஐப்பசியோடு போயிற்று. என் தங்கை மாப்பிள்ளை ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தரிசில் ஒற்றை உடைமரம் ஒன்று நின்றது. மின்னல் அதில் இறங்கியது. மழைக்கு மரத்தடியில் ஒண்டியிருந்த ஆடுகள் நின்ற வாக்கில் சரிந்துவிட்டன. கொஞ்சம் தள்ளி நின்ற மாப்பிள்ளை பிழைத்தார். இடது காது மட்டும் போய்விட்டது.

அவர்கள் ஊர் விளாத்திகுளம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. புரட்டாசியில் விதைத்துவிட்டால் ஊரைச் சுற்றி எந்தக் காட்டிலும் ஆடு வாய் வைக்க முடியாது. தரிசு தேடி வெகுதூரம் ஓட்டிப் போக வேண்டும். மழை பிடித்துவிட்டாலோ கரிசல் மண் ஆளைச் சும்மா விடாது. செருப்பில் அப்பும், அப்பினதன் மேல் அப்பும், நாலு எட்டு வைப்பதற்குள் காலைத் தூக்கவே ஆள் வேண்டும். ஆட்டுக்குக் குளம்பிடுக்கில் அடைத்துக்கொள்ளும், அடித்தாலும் ஓடாது. ஆட்டை விட்டுவிட்டு ஆள் மட்டும் ஓடி வந்துவிட்டால் என்ன என்று நான் ஒருதரம் கேட்டேன். ஆட்டைக் காட்டில் விட்டுவிட்டு வந்தவன் வீட்டில் யாரும் பச்சைத்தண்ணி குடிக்க மாட்டார்கள் என்று தங்கை பதில் சொன்னாள். ஆகவே வீடு திரும்புவதென்றால் மண் காய்ந்திருக்கும்போதே கிளம்ப வேண்டும். அதாவது, மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே.

இதற்காகத்தான் அந்த ஊர்ப் பால் சொசைட்டி மாடியில் ஒரு பெட்டியும் ஒலிபெருக்கியும் இருந்தன. கல்லூரிப் பிள்ளைகள் சிலர் படிப்புக்காகச் செய்து வைத்துவிட்டுப் போனது. மின்னல் எங்கே வெட்டினாலும் ரேடியோவில் கரகரவென்று ஒரு சத்தம் விழும் அல்லவா, அதைத் தொலைவிலிருந்தே பிடிக்கிற ஒரு சென்சார் அதில் இருந்தது. இடி மனிதர் காதுக்கு எட்டுவதற்கு வெகுநேரம் முன்னாலேயே ஒலிபெருக்கி அலறிவிடும். ஊர் அதைச் சங்கு என்றது. அந்த ஐப்பசியின் முதல் மழையிலேயே கரண்டு எகிறிப் பெட்டிக்குள் இருந்த போர்டு கருகிவிட்டது. சங்கு ஊமையான பிறகுதான் மாப்பிள்ளைக்கு அந்த அடி.

பிள்ளைகள் வேலை கிடைத்துத் திசைக்கொருவராய்ப் போய்விட்டார்கள். ஒரு வருடம் அப்படியே ஓடிப்போயிற்று. மறுபடி புரட்டாசி பிறந்ததும் தங்கை போன் செய்தாள். அவள் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை.

"அண்ணே, அவியளுக்கு இப்பம் ஒரு காதுதான். இடி கிட்டக்க இடிக்குதா தூரத்துல இடிக்குதான்னே தெரியல. அந்தச் சங்க மறுபடி ஊத வச்சுக் குடு."

நான் வீட்டில் இருந்தபடியே வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். சொந்தக்காரர்களுக்கோ கம்ப்யூட்டர் என்றால் எல்லாம் ஒன்று. செல்போன் சார்ஜ் ஏறாவிட்டாலும் என்னிடம்தான் வருவார்கள். சும்மா கத்துவேன். ஆனால் இவளிடம் கத்த முடியவில்லை, சரி என்றுவிட்டேன். பிள்ளைகளில் ஒருவன் பழைய புரோகிராமை அனுப்பிவைத்தான். கருகிய போர்டு இப்போது கடையில் வருவதில்லை. என் மேஜை டிராயரில் வேறொரு போர்டு கிடந்தது. ஏதோ ஒரு வேகத்தில் வாங்கிப் போட்டது. அதன் பிராசஸர் வேறு. அதில் ஓடிய சிஸ்டமும் வேறு, யூனிக்ஸ் குடும்பத்தில் ஒரு கிளை. என் லேப்டாப்பில் இருப்பது இன்னொரு கிளை. பங்காளிகள்தான், சாமிகூட ஒன்றுதான். ஆனால் அந்த வீட்டுப் படையல் முறை இந்த வீட்டில் செல்லாது.

நாம் எழுதுகிற புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற கட்டளையாக மாற்றித் தருவது கம்பைலர். அதைத் தாங்குகிற அளவுக்கு அந்தச் சின்னப் போர்டில் மெமரி இல்லை. எனவே என் லேப்டாப்பில் ஓடி, ஆனால் அந்தப் போர்டின் பாஷையில் எழுதித் தரும் கம்பைலர் ஒன்று வேண்டும். தயாராக எங்கும் கிடைக்கவில்லை. கம்பைலரின் மூலப் புரோகிராமை இறக்கி, இன்ன மெஷினுக்காக என்று சொல்லி, நானே கட்டியாக வேண்டும். பல வருடம் கம்பைலரை வைத்துச் சோறு தின்றவன்தான் நான். அதன் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தது அதுதான் முதல்தடவை.

யாருக்காக என்பதை ஒரு பெயராகச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரில் மூன்று துண்டு. பிராசஸர் எது, செய்தவர் யார், ஓடும் சிஸ்டம் எது. நடுத்துண்டில் என்னத்தைப் போடுவது? போர்டைப் புரட்டிப் பார்த்தேன், செய்தவர் பெயரே இல்லை. குறிப்புகளைத் தேடினால், தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுதலாம் என்று இருந்தது. எழுதினேன். சரி என்று வாங்கிக்கொண்டது. எங்கள் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தால்கூட யார் மகன், எந்த ஊர், எந்தத் தெரு என்று மூன்று தலைமுறையை உருவி எடுத்துவிட்டுத்தான் டீ வரும். இதுவோ செய்தவன் யாரென்றே தெரியாத ஒரு மெஷினுக்காக உழைக்க ஒத்துக்கொண்டுவிட்டது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெருந்தன்மை என்றால் இதுதான் என்று தோன்றியது.

அப்புறம் அது கேள்வி கேட்க ஆரம்பித்தது. திரையில் வரிவரியாக ஓடியது. இது இருக்கிறதா, அது இருக்கிறதா, எண்ணை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பார்கள், ஒரு முகவரி எவ்வளவு நீளம். பெண் பார்க்க வந்த வீட்டில்கூட இத்தனை விசாரணை இருக்காது. விசாரித்து முடித்துக் கட்ட ஆரம்பித்தபோது லேப்டாப் காற்றாடி இரைந்த இரைச்சலில், அது மிக்ஸியா லேப்டாப்பா என்று கேட்டுவிட்டுப் போனாள் என் மனைவி. ஏற்கெனவே இருந்த கம்பைலர் புதுக் கம்பைலரைக் கட்டிக்கொண்டிருந்தது. தானே ஒருநாளும் ஓடப்போகாத ஒரு மெஷினுக்காக. அந்தப் பழையதைக் கட்டியது அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது ஒன்று. யாரோ ஒருவர் கையால் முதல் கட்டளையை எழுதிய இடம்வரை அந்தக் கொடிவழி போகும் என்று நினைத்ததும் புல்லரித்தது. வேலையை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாதியில் ஓரிடத்தில் நின்றது. ஹெடர் ஃபைல் ஒன்று இல்லை என்றது. ஹெடர் ஃபைல் என்பது அந்த சிஸ்டத்தில் எதை எப்படி அழைக்க வேண்டும் என்கிற விவரம். போர்டின் சிஸ்டத்திலிருந்து நான் நகலெடுத்து வைத்தவற்றில் ஒன்று விட்டுப்போயிருந்தது. எங்கள் பழக்கம் என்ன? உறைமோர் இல்லையென்றால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். யார் வீட்டு மோராக இருந்தாலும் பால் உறையும். அதே பேர் கொண்ட ஃபைல் என் லேப்டாப்பிலேயே இருந்தது. பங்காளிதானே என்று அதை எடுத்து அங்கே வைத்துவிட்டேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் மிச்சத்தையும் கட்டி முடித்துவிட்டது. பழைய புரோகிராமை அந்தப் புதுக் கம்பைலரில் கொடுத்தேன். வந்ததை என் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தால், இது எனக்குப் புரியாது என்று மறுத்தது. எனக்கோ பெருமை பிடிபடவில்லை. என் வீட்டில் பிறந்த ஒன்று, என் வீட்டில் யாருக்கும் புரியாத பாஷை பேசுகிறது.

காலிக் கடம்பூர்ப் போளி டப்பா ஒன்றில் போர்டை வைத்து விளாத்திகுளம் பஸ் ஏறினேன். சொசைட்டி மாடியில் பெட்டியைத் திறந்து மாட்டி, ஓட்டினேன். சின்னத் திரையில் பிள்ளைகள் எழுதியிருந்த வணக்கம் வந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அதற்குமேல் ஒன்றும் இல்லை. சென்சாருக்கு அருகில் கேஸ் லைட்டரைச் சொடுக்கினால் அந்தப் பொறிக்கே சங்கு ஒரு தரம் கத்த வேண்டும். சொடுக்கிச் சொடுக்கி என் பெருவிரல் வலித்ததுதான் மிச்சம். மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை என்னைத் தேற்றுகிற மாதிரி, பரவாயில்லை, சங்கு ஊதாவிட்டாலும் காலையில் ஆட்டைப் பத்திக்கொண்டு போகத்தான் வேண்டும் என்றார். எனக்கு என்மேலேயே அவ்வளவு ஆத்திரம் வந்தது.

போர்டைக் கழற்றிக்கொண்டு வீடு திரும்பி ஒவ்வொரு படியாகச் சோதித்தேன். சென்சாரும் போர்டும் ஒரு ஒயரில் பேசிக்கொள்பவை. இரண்டும் ஒரே வேகத்தில் பேசினால்தான் ஒன்று சொல்வது மற்றதற்கு விளங்கும். என்ன வேகம் வைத்திருக்கிறாய் என்று புரோகிராமைக் கேட்டேன். 9600 என்று வர வேண்டிய இடத்தில் 13 என்றது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் லேப்டாப் கிளையில் அந்த வேகத்துக்கு ஓர் அடையாள எண் உண்டு, அதுதான் 13. போர்டின் கிளையிலோ 9600 என்றால் 9600தான், அடையாளம் கிடையாது. நான் இரவல் வாங்கிய மோர் இங்கே திரிந்துவிட்டது. பதின்மூன்று என்று சொன்னதை அந்த அப்பாவிப் போர்டு அப்படியே நம்பி, எறும்பு ஊர்கிற வேகத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் தப்புச் செய்யவில்லை, என்னைத் தவிர.

இரவல் ஃபைலைத் தூக்கி எறிந்தேன். போர்டின் சிஸ்டம் முழுவதையும் அதன் மூல இடத்திலிருந்து இறக்கி ஒரு தனி ஃபோல்டரில், தனிக் கூடம் போல, வைத்து, இனி எது வேண்டுமென்றாலும் இந்தக் கூடத்துக்குள் மட்டும் தேடு, என் வீட்டுப் பக்கம் திரும்பியும் பார்க்காதே என்று கம்பைலருக்குச் சொல்லி, முதலிலிருந்து கட்டினேன். மறுபடி அத்தனை கேள்வி, அத்தனை இரைச்சல். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி போளி டப்பா, மறுபடி பஸ். நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை ஆட்டோடு கிளம்பிப் போயிருந்தார். புதிதாகக் கட்டியதை ஓட்டி, லைட்டரைச் சொடுக்கினேன். மாடியில் இருந்த புறா எல்லாம் பறக்கச் சங்கு கத்தியது. தங்கை கீழேயிருந்து ஏறி வந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அதுவே போதும் என்று இருந்தது எனக்கு.

மத்தியானம் அவள் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும்போது சங்கு மறுபடியும் ஊதியது. லைட்டர் என் சட்டைப் பையில் இருந்தது. வெளியே வந்தேன். பொட்டு மேகம் இல்லை, வெயிலில் கண் கூசியது. சங்கு நிற்காமல் ஊதுகிறது. சொசைட்டி முன்னால் கூடியவர்கள், ஒரு வருசம் சும்மா கிடந்ததில் இதற்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். வெயிலில் ஊதுகிற சங்கை நிறுத்தித் தொலையுங்கள் என்றார் ஒருவர். எனக்கும் சந்தேகம் வந்தது. இன்னும் ஏதாவது இரவல் மிச்சம் இருக்கிறதோ? ஓடிப் போய்த் திரையைப் பார்த்தேன். மின்னல் எவ்வளவு தூரத்தில் என்று ஓர் எண் இருந்தது. மேற்கே கயத்தாறுவரை போகிற தூரம், முப்பது நாற்பது கிலோமீட்டர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது குறைந்தது. நிறுத்தவா என்று தங்கையைக் கேட்டேன்.

"நிறுத்தாத அண்ணே. அவிய காதுல விழட்டும்."

அவர் போயிருந்த தரிசில் செல் டவர் எடுக்காது. காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கொஞ்ச நேரத்தில் மேற்கே அடிவானத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. கோடு எழும்பிச் சுவராயிற்று. புழுதிக் காற்று வந்தது. சங்கை நிறுத்தச் சொன்னவர் தன் மாட்டை அவிழ்க்கப் போனார். தங்கை ஓடைப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்கப் பயந்து சங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மணிச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் புழுதிக்குள்ளிருந்து ஆடுகள். காய்ந்த மண்ணில் ஓட்டமும் நடையுமாக, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால், தலைத்துண்டைக் காற்று பிடுங்க, அவர். ஆடுகள் பட்டிக்குள் நுழைந்து படலைச் சாத்தும்போது முதல் பெருந்துளிகள் விழுந்தன. அடுத்த கணம் மின்னல் தரிசு இருந்த திசையில் வானத்துக்கும் பூமிக்குமாக வெட்டியது. தாழ்வாரத்தில் நின்ற பெண்கள் அர்ச்சுனா அர்ச்சுனா என்றார்கள். என்னையறியாமல் நானும் சொன்னேன். அவர் மட்டும் சொல்லவில்லை, ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

எண்ணி முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இடி எனக்குக் கேக்கல மச்சான். சங்குதான் கேட்டுது."

அவர் மாடியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இது முழுக்க நீங்கள் செய்ததா என்று கேட்டார்.

"இல்ல மாப்ள. எத்தனையோ பேரு. யாருன்னு எனக்கே தெரியாது. அவியளுக்கும் நம்ம யாருன்னு தெரியாது."

அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். நான் சொன்னது இடது காதுப் பக்கம். சுற்றிப் போய் வலது பக்கம் நின்று, மழைச் சத்தத்துக்கு மேல், மறுபடியும் சொன்னேன்.