பாலத்துக் கூண்டில் முப்பத்தொரு வருஷம்

ப்ரோனெக் மட்டூசெக்கைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. ஆற்றுக்கு மேலே இரும்புக் கூண்டில் உட்கார்ந்து, படகு வந்தால் பாலத்தைத் தூக்கி, போனதும் இறக்கி, முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன். அவனைப் பற்றி எழுத உனக்கென்ன யோக்கியதை என்று கேட்டால், ஒரு யோக்கியதையும் இல்லை. அவன் வாழ்க்கையைக் கெடுத்தவனே நான்தான். அதை அவனிடம் சொல்ல எனக்கு ஐம்பத்தேழு வருஷம் பிடித்தது.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிழைக்க வந்து குடியேறிய போலந்துக்காரர்கள், அந்தப் பக்கம் அதே மாதிரி வந்த இத்தாலிக்காரர்கள். இரண்டு பக்கமும் தொப்பித் தொழிற்சாலை, இரண்டு பக்கமும் கத்தோலிக்கக் கோயில், கோயிலுக்கு ஒரு டிரம் - பியூகிள் அணி, அதாவது முரசும் ஊதுகொம்பும் வாசித்தபடி நடைபோடும் குழு. எங்களுடையது லான்சர்ஸ், அவர்களுடையது கிரெனடியர்ஸ். ஒரே சாமியைத்தான் கும்பிட்டோம். ஆனால் ஆகஸ்ட் மாதம் போட்டி வந்துவிட்டால் ஒருவன் முகத்தில் ஒருவன் விழிக்க மாட்டோம்.

இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தப் போட்டியின் கொடுமை தெரியாது. நடுவர்கள் மைதானத்தில் எங்கள் வரிசைகளுக்குள்ளேயே, கையில் அட்டையும் பென்சிலுமாக நடப்பார்கள். ஒரு பிசிறு கேட்டால் ஒரு கோடு. ஒரு கோட்டுக்கு ஒரு மதிப்பெண்ணில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். நல்லா வாசித்ததற்கு யாரும் எதுவும் கொடுக்க மாட்டான், தப்புக்கு மட்டும் கழிப்பான். அந்தப் படுபாவிகளின் பென்சில் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

போட்டி முடிந்தால் பாலம். படை பாலத்தின் மேல் சீராக நடை போட்டால் பாலம் ஆடும் என்பது பழைய பயம். ஜெயித்தவனுக்கு அந்தப் பயம் கிடையாது என்பது எங்கள் ஊர் வழக்கம். ஜெயித்த அணி டிரம் அடித்துக்கொண்டு, கால் தப்பாமல், பாலம் அதிர நடந்து போகும். தோற்றவர்கள் டிரம்மைத் தொடக்கூடாது. கால் கலைந்து, பேச்சில்லாமல், சவ ஊர்வலம் மாதிரி போக வேண்டும். எதிர்க்கரைக்காரர்கள் கைப்பிடிக் கம்பியில் தொற்றிக்கொண்டு வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லுவார்கள்.

1962இல் போட்டி அவர்கள் கரையில். எனக்கும் ப்ரோனெக்குக்கும் பத்தொன்பது வயது. வரிசையில் தோளோடு தோள் நின்று ஊதுவோம். அவனுக்கு மேல் சுரம், எனக்குக் கீழ் சுரம். கடைசிப் பாட்டில், முடிவுக்கு முன்னால் இரண்டு எண்ணிக்கைக்கு மைதானமே மூச்சை அடக்கும். அந்த அமைதியில் ஒரு பியூகிள் மட்டும் லாரி ஹார்ன் மாதிரி ‘பாம்’ என்றது. நடுவர் எங்கள் முன்னால் நின்று ப்ரோனெக்கைப் பார்த்தார், கோடு போட்டார். அந்த ஒரு கோட்டில் தோற்றோம்.

எங்கள் அணியில் ஒரு சட்டம் இருந்தது. தப்புச் செய்தவன் தானாக ஓர் அடி முன்னால் வந்து நிற்க வேண்டும். அணித் தலைவன் வால்டர் ஜென்டாரா அட்டையைப் பார்த்துவிட்டு எங்கள் வரிசைக்கு வந்தான்.

“யாருது இது? வாங்க முன்னால.”

என் கால் நகரவில்லை. ஊதியது நான்தான், இரண்டு எண்ண வேண்டிய இடத்தில் ஒன்று எண்ணிவிட்டு ஊதினேன், அது எனக்குத் துல்லியமாகத் தெரியும். ஆனால் பக்கத்தில் ப்ரோனெக் முன்னால் போய்விட்டான். சத்தம் அவ்வளவு பக்கத்தில் கேட்டதால், நடுவரும் அவனையே பார்த்ததால், பயல் தன்னுடையது என்றே நம்பிவிட்டான். நான் கல்லுப் பிள்ளையாராக நின்றேன்.

கால் கலைந்து பாலத்தில் நடந்து வந்தோம். எங்கள் கரையில் ப்ரோனெக்கின் அப்பா நின்றிருந்தார். பெரியவர் மட்டூசெக் அந்தப் பாலத்துக்குப் பெயின்ட் அடித்தவர், அதை ஏதோ தானே பெற்றது போல நினைப்பவர். விஷயம் எங்களுக்கு முன்னாலேயே அவரிடம் வந்து சேர்ந்திருந்தது.

“நான் பெயின்ட் அடிச்ச பாலத்துல இத்தனை பேரையும் தலைகுனிஞ்சு நடக்க வச்சுட்டியேடா,” என்றார். அவ்வளவுதான். அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

ப்ரோனெக் மறுநாளே பியூகிளைக் கோயிலில் ஒப்படைத்தான். அடுத்த வருஷத் தனி வாசிப்பு அவனுக்கென்று பேசி வைத்திருந்தது, அது எனக்கு வந்தது. ஜெயித்தோம். பாலம் அதிர வந்தபோது பெரியவர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். “ஃபெலிக்ஸ், நீ எனக்குப் புள்ளையா பொறந்திருக்கக் கூடாதா?” என்றார். ப்ரோனெக் இரண்டடி தள்ளி நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். முதல் வருஷம் பயத்தில் சொல்லாதவன், அதற்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்?

1966இல் அவனுக்குப் பாலத்து வேலை கிடைத்தது. கிரெனடியர்ஸ் தலைவனாக இருந்த கார்மைன் அப்போது ரொட்டி வேன் ஓட்டினான். கூண்டைத் தாண்டும்போது ஒரே ஒரு தடவை ‘பாம்’ என்று ஹார்ன் அடித்துவிட்டு ஜன்னல் வழியாகக் கத்துவான்.

“டேய் ப்ரோனெக்! இப்பவாச்சும் ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியுமாடா?”

“உன் ரொட்டியில இருக்கற கல்லை எண்ணி எண்ணியே நான் கணக்கு வாத்தியார் ஆயிட்டேன், போடா!” என்று இவனும் கத்துவான். சிரித்துக்கொண்டேதான் கத்துவான்.

கார்மைனைப் பார்த்து லாரிக்காரர்கள், லாரிக்காரர்களைப் பார்த்து ஊர். பத்து வருஷத்தில், பாலத்தில் ஹார்ன் அடித்தால் அதிர்ஷ்டம் என்று பள்ளிப் பிள்ளைகள் பேருந்து ஓட்டுநரை நச்சரித்தார்கள். தினமும் நூறு, இருநூறு தடவை. நான் மட்டும் அடித்ததே இல்லை. அதையே ஒரு பெரிய தருமமாக நினைத்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போய் வந்தேன். த்தூ.

2019இல் புதுப் பாலம் தயாராகி, பழையதை உடைக்க நாள் குறித்தார்கள். உடைப்பதற்கு முன்னால் ஒரு விழா. ஓய்வுபெற்ற ப்ரோனெக்கை முதல் காரில் உட்கார வைத்து, பின்னால் ஊரே ஒன்றாக ஹார்ன் அடித்தபடி போவது என்று ஏற்பாடு. தொலைபேசியில் அவன் சந்தோஷமாகச் சொன்னான்: “போகலாம்னு இருக்கேன்டா. நான் பண்ணின தப்பு, நானே சிரிச்சு முடிச்சு வச்சுட்டுப் போறேன்.”

இதற்கு மேல் பொறுக்க என்னால் முடியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு சமையலறை மேஜையில் முட்டைக்கோஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தான்.

“ப்ரோனெக், அறுபத்திரண்டுல அந்த ‘பாம்’ நான்தான். நீ ஊதல.”

சிரித்தான். “போடா. சாகப்போறவன்னு பாவம் பாக்கறியா? என் உதடு எனக்குத் தெரியாதா?”

“உனக்கு அந்த இடத்துல மேல் சுரம். கேட்டது கீழ் சுரம். நம்ம வரிசையில கீழ் சுரம் எனக்கு மட்டும்தான்டா.”

கரண்டியைக் கீழே வைத்தான். வாய்க்குள்ளேயே மேல் சுரத்தை முனகிப் பார்த்தான், பிறகு கீழ் சுரத்தை. இரண்டாவது தடவை கீழ் சுரத்தை முனகியபோது பாதியில் நிறுத்திவிட்டான்.

“அப்போ முப்பத்தொரு வருஷம் அவனுங்க ஹார்ன் அடிச்சது உனக்காடா?”

“விழாவுல சொல்லிடறேன். மைக்கைப் புடிச்சு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்.”

“யார்கிட்ட சொல்லுவ? வால்டர் போயிட்டான். கார்மைன் போயிட்டான். இப்ப அடிக்கற புள்ளைங்களுக்கு எதுக்கு அடிக்கறோம்னே தெரியாது.” மூச்சு வாங்கினான். “எங்கப்பா எந்த வருஷம்டா போனார்?”

“எண்பத்திநாலு.”

“அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை பூசையில அவர் பக்கத்துல யார் உக்காருவா?”

“நான்தான்.”

“இருபத்திரண்டு வருஷம். சொல்லணும்னு தோணலையாடா உனக்கு?”

அவன் என்னைப் பார்க்காமல் சூப்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“ஆஸ்பத்திரியில கடைசி நாள் என் கையைப் புடிச்சுக்கிட்டார். ‘பரவால்லடா, அந்தப் பாலத்து விஷயம், மன்னிச்சுட்டேன்’னார். நான் அழுதுகிட்டே அவருக்கு நன்றி சொன்னேன்டா, ஃபெலிக்ஸ்.”