பெயருக்கு விட்ட இடம்

ஓசூர் பஸ் நிலையத்து டீக்கடை ரேடியோவில் மதராஸ் கரகரக்கிறது. பெங்களூர்தான் தெளிவாகக் கேட்கிறது. 1969 பிப்ரவரி; நம் முதலமைச்சர் இறந்து சில நாட்கள் ஆகின்றன. ஆளுங்கட்சி அடுத்து யாரைத் தலைவராக்குகிறது என்பதையும் கன்னடச் செய்தியில்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கடைக்காரர் பெட்டியில் காதை ஒட்டிவைத்துக் கேட்டுவிட்டுத் தமிழில் சொல்கிறார்: "புதுத் தலைவர முடிவு பண்ணிட்டாங்களாம். எதுத்து நின்னவரு ஒதுங்கிட்டாராம். கட்சி ஒடையல."

என் பக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஜவளகிரிக்கார அம்மா பெருமூச்சு விட்டுவிட்டு, மடியிலிருந்து ஒரு மனுவை எடுத்து நீட்டுகிறார். கிணற்றுக்கு மின்சாரம் கேட்கும் மனு. 'மாண்புமிகு' என்ற சொல்லுக்குப் பின்னால் முதலமைச்சர் பெயர் வரவேண்டிய இடம் காலியாக இருக்கிறது.

"கம்பம் நட்டுட்டாங்க சார், கம்பி வரல. நாங்க யார நம்பி ஓட்டுப் போட்டமோ அவரு போயிட்டாரு. இவங்க அடிச்சிக்கிட்டு ஆட்சி கவுந்தா, கம்பிய யாருகிட்டப் போயி கேக்கறது? அதான் பேரு எழுதாம வெச்சிருந்தேன். நீங்க எழுதிக் குடுங்க."

"பென்சில்ல எழுதட்டுமாம்மா? மறுபடி மாறிட்டா?"

முதன்முறையாகச் சிரிக்கிறார். காகிதம் பறக்காமல் இரண்டு கையாலும் பெஞ்சில் அழுத்திப் பிடிக்கிறார்.

"பேனாவுலயே எழுதுங்க சார். நல்லா அழுத்தி எழுதுங்க."